படத்தில் இல்லாத ஊர்
ஹூக்ளி ஆறும் கல்கத்தாத் துறைமுகமும் தரும் பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பேசும் இடங்களிலெல்லாம் ஒரு குறையை நாம் கேட்கின்றோம். "எங்கட ஊரின்ர படம் ஒன்றுகூட எங்களிட்ட இல்லை" என்பதே அது. வீடு, கிணறு, வயல், வாய்க்கால், கோவில் எல்லாம் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய நகரங்களின் பழைய படங்களுக்கோ பஞ்சமில்லை. புத்தகங்களிலும் கலண்டர்களிலும் அவை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை யார் வரைவித்தார்கள், எதற்காக வரைவித்தார்கள், அவற்றில் யார் விடுபட்டார்கள் என்பதை அறிந்துகொண்டால் எமது குறைக்கும் ஒரு வழி தெரியும்.

இதற்காக இவ்விதழில் வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றையும், அதன் கரையில் ஆங்கிலேயர் வளர்த்த துறைமுக நகரமான கல்கத்தாவையும் எடுத்துக்கொள்கின்றோம். (2001ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா.) இந்நகரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதன் அழகிய படங்களிலே ஆற்றோரமாகப் பரந்து கிடக்கும் பச்சைப் புல்வெளி ஒருகாலத்தில் மக்கள் குடியிருந்த ஒரு கிராமம்.

ஆறும் அதன் துறைகளும்

ஹூக்ளி என்பது கங்கையின் ஒரு கிளை. மேற்பகுதியில் அதற்குப் பாகீரதி என்று பெயர். கங்கை கொண்டுவரும் வண்டல் இந்த ஆற்றில் ஓயாமல் படிகின்றது. கமக்காரனுக்கு வண்டல் செல்வம், கப்பற்காரனுக்கு அது கண்டம். 16ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் பெரிய துறையாக இருந்த சாத்கானுக்குச் செல்லும் ஆறு மண்மூடியபோது வியாபாரம் ஹூக்ளி என்னும் ஊருக்கு இடம்மாறியது. அங்கே முதலில் வந்து அமர்ந்தவர்கள் போர்த்துக்கேயர். 1632இல் முகலாயப் படை அவர்களை முற்றுகையிட்டு வென்றது. பின்னர் ஒல்லாந்தர் சின்சுராவிலும், பிரெஞ்சுக்காரர் சந்தர்நாகூரிலும், டென்மார்க்கு நாட்டவர் 1755 முதல் சிராம்பூரிலும் இருந்தார்கள். எல்லாம் ஒரே ஆற்றின் ஒரே கரையில், ஒன்றுக்கொன்று அருகிலே இருந்த ஊர்கள். சிராம்பூரும் தமிழகத்தின் தரங்கம்பாடியும் 1845இல் டென்மார்க்கு நாட்டவரால் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் யோப் சார்னொக் 1690ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி சுதாநுதி என்னும் கிராமத்துக் கரையில் இறங்கினார். 1698இல் சுதாநுதி, காளிகாத்தா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் வரி அறவிடும் உரிமையைக் கம்பனி 1,300 ரூபாவுக்குப் பெற்றது. அந்த மூன்று கிராமங்களும் சேர்ந்தே கல்கத்தா ஆயின. சார்னொக்தான் நகரின் தந்தை என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவர் வருமுன்பே அங்கு ஊர்கள் இருந்தன என்பதால் அவரை நிறுவுநராகக் கொள்ள முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. இருந்த ஊரை இல்லாததாக்கி எழுதுவது புதிய பழக்கமன்று என்பதை இது காட்டுகின்றது.

காணாமலே வரைந்த படம்

கல்கத்தாவின் பழைய படங்களில் பெயர்பெற்ற ஒன்று 1730களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆற்றிலே பாய்விரித்த கப்பல்கள் நிற்கின்றன. கரையிலே வில்லியம் கோட்டை எழுந்து நிற்கின்றது. இதை வரைந்தவர்கள் ஜோர்ஜ் லம்பேர்ட், சாமுவேல் ஸ்கொட் என்னும் இருவர். ஒருவர் கரையை வரைந்தார், மற்றவர் கப்பல்களை வரைந்தார். இருவரும் இந்தியாவுக்கு வந்ததேயில்லை.

கம்பனி தனது லண்டன் தலைமையகத்தின் சுவரை அலங்கரிக்க ஆறு படங்களைச் செய்வித்தது. சென்னை, பம்பாய், தலைச்சேரி, நன்னம்பிக்கை முனை, சென் ஹெலினாத் தீவு ஆகியவற்றோடு கல்கத்தாவும் அவற்றில் ஒன்று. பணம் போட்டவர்களுக்குத் தமது சொத்து பத்திரமாக இருக்கின்றது என்று காட்டுவதே அவற்றின் வேலை. ஆகவே கோட்டையும் கொடியும் கப்பலும் பெரிதாக வந்தன. ஊர்மக்கள் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் படத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

கோவிந்தபூருக்கு நடந்தது

1756இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பிளாசிப் போரில் கம்பனி அவரைத் தோற்கடித்தது. பழைய கோட்டை போதாது என்று கண்ட கம்பனி, புதியதொரு வில்லியம் கோட்டையைக் கட்ட 1758இல் வேலை தொடங்கியது. அதற்குத் தெரிந்தெடுத்த இடம் கோவிந்தபூர்.

கோவிந்தபூர் வெறும் காடாக இருக்கவில்லை. துணி வியாபாரம் செய்த சேட், பசாக் குடும்பங்கள் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களோடு வேறு பல குடிகளும் இருந்தார்கள். கோட்டைக்காக எல்லோரும் எழும்ப வேண்டியதாயிற்று. நட்டஈடு கொடுக்கப்பட்டது. தல்தலா, குமார்துலி, சோபாபசார் முதலிய இடங்களில் மாற்றுக்காணிகளும் கொடுக்கப்பட்டன. இவ்வாறு எழும்பியவர்களிலே கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் முன்னோரும் இருந்தார்கள். அவர்கள் நகரின் வடக்கே பாதூரியாகட்டாவில் வீடு கட்டினார்கள். பின்னர் ஒரு கிளையினர் ஜோராசங்கோவுக்குச் சென்றார்கள். 1861இல் கவிஞர் பிறந்தது அந்த ஜோராசங்கோ வீட்டிலேதான். உலகம் புகழும் ஒரு குடும்பத்தின் கதையும் பாதுகாப்புக்கென்று எடுக்கப்பட்ட காணியிலிருந்து இடம்பெயர்ந்த கதைதான்.

கோட்டை கட்டியதோடு காரியம் முடியவில்லை. பீரங்கி சுடுவதற்கு முன்னால் மறைப்பு இருக்கக்கூடாது என்பதற்காகச் சுற்றிலும் பெரும் வெளி வெறுமையாக வைக்கப்பட்டது. அதுவே இன்றும் 'மைதான்' என்று அழைக்கப்படுகின்றது. எமது 'மைதானம்' என்ற சொல்லும் அதே சொல்தான். இன்று அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகின்றார்கள். கோட்டை இன்றும் இராணுவத்தின் கையிலே இருக்கின்றது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த காலப் படங்களைப் பார்க்க வேண்டும். 1786இல் தோமஸ் டானியேல் என்னும் ஓவியர் தமது பெறாமகன் வில்லியத்தோடு கல்கத்தாவில் வந்திறங்கினார். அவர்கள் 1786 முதல் 1788 வரை நகரின் 12 காட்சிகளைச் செப்புத் தகடுகளில் வெட்டி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். உள்ளூர் வேலைக்காரரும் இதில் அவர்களுக்கு உதவினார்கள். பின்னர் தெற்கே வந்து திருச்சி மலைக்கோட்டையையும் தஞ்சைப் பெரிய கோவிலையும் வரைந்தவர்களும் இவர்களே.

இவர்கள் கண்ணால் கண்டு வரைந்தவர்கள். வெள்ளை மாளிகைகளோடு நிறுத்திவிடாமல், ஊர்மக்கள் வாழ்ந்த சித்பூர் வீதிப் பக்கத்துக் கோவிலையும் வரைந்தார்கள். 1820களில் படங்கள் வெளியிட்ட ஜேம்ஸ் பெய்லி பிரேசர் என்பவர் அதே வீதியின் கடைத்தெருவை வரைந்தார். இந்த நன்மையை நாம் மறுக்கக்கூடாது. பல்லக்குச் சுமப்போர், வண்டிக்காரர், ஆற்றில் குளிப்போர் எல்லோரும் அப்படங்களில் வருகின்றார்கள். ஆயினும் படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கும் பெயர் கட்டடத்துடையது. மனிதருக்குப் பெயர் இல்லை. புல்வெளி புல்வெளியாகவே காட்டப்படுகின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுப்பெரிந்தது என்று சொல்ல அப்படத்தில் எதுவும் இல்லை. பின்னால் வந்து பார்ப்பவர் அது என்றும் அப்படியே கிடந்த நிலம் என்றுதான் எண்ணுவார்.

எமது காணிகளுக்கும் இது நேரக்கூடியது. வேலி அழிந்து, கிணறு தூர்ந்து, பற்றை மூடிய ஊரைப் புதிதாகப் படமெடுப்பவர் "ஆளில்லாக் காடு" என்று எழுதிவிடலாம். அங்கு யார் இருந்தார்கள் என்பதை இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கமெரா வந்த பிறகு

19ஆம் நூற்றாண்டின் நடுவிலே கமெரா வந்தது. 1850களின் தொடக்கத்தில் பிரெடரிக் பீபிக் என்பவர் கல்கத்தாவின் வீதிகளையும் ஆற்றங்கரையையும் படமெடுத்து, அவற்றுக்குக் கையால் நிறம் பூசினார். அவர் இலங்கைக்கும் வந்து படமெடுத்தவர். 1856இல் கம்பனி அவரிடம் ஏறக்குறைய 500 படங்களை வாங்கியது.

கமெரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நாம் நம்புகின்றோம். ஆனால் அக்காலக் கமெராவுக்கு ஒரு குறை இருந்தது. படம் பதிய நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் அசையாதது தெளிவாகப் பதியும், அசைவது மங்கலாகும் அல்லது முழுவதும் மறைந்துபோகும். ஆகவே மாளிகை நின்றது. மூட்டை சுமந்தவனும் தோணி வலித்தவனும் மறைந்தார்கள். பழைய படங்களில் சில வீதிகள் ஆளரவமற்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை செய்துகொண்டிருந்தவர்களைத்தான் அந்தக் கமெரா தவறவிட்டது.

1864ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி பெரும் சூறாவளி ஹூக்ளி முகத்துவாரத்தைத் தாக்கியது. கடல் ஆற்றுக்குள்ளே ஏறி வந்தது. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்று மதிப்பிடப்படுகின்றது. இவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தாழ்ந்த நிலங்களிலிருந்த கிராமத்தவர்கள். ஆனால் அந்த அழிவின் படங்கள் என்று பரவலாக அறியப்பட்டவை கல்கத்தாத் துறையில் கரையேறிக் கிடந்த கப்பல்களின் படங்கள். படம் எடுப்பவர் நகரத்தில் இருந்தார், நகரத்தின் நட்டத்தை எடுத்தார். 2004இன் கடற்கோளைக் கண்ட எமக்கு இது விளங்கும். வீதி போகும் இடத்துக்குத்தான் கமெராவும் முதலில் போகும்.

படங்கள் என்றும் அழியாதவை என்று எண்ணவும் கூடாது. கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய 'போர்ன் அன்ட் ஷெப்பேர்ட்' என்னும் புகழ்பெற்ற படப்பிடிப்பு நிலையத்தில் 1991இல் தீப்பிடித்தது. பெருந்தொகையான பழைய படங்களும் தகடுகளும் எரிந்தன. 2016இல் அந்நிலையமே மூடப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது ஒருநாள் முழுவதும் போய்விடலாம்.

பெயர் எழுதிய கடதாசி

படம் சொல்லாததைக் கடதாசி சொன்ன ஒரு கதையும் இதே ஆற்றங்கரையில் உண்டு. 1834இலிருந்து மொரீசியசுக்கும், 1838இலிருந்து பிரித்தானிய கயானாவுக்கும், 1873இலிருந்து சூரினாமுக்கும், 1879இலிருந்து பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏழை மக்கள் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் கங்கைச் சமவெளியின் கமக்காரக் குடிகள். தமிழர்கள் சென்னைத் துறையிலிருந்து இவ்வாறே சென்றார்கள். எமது மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் வேறு முறையிலே, கங்காணிகளின் கீழ், மன்னார்க் கரையூடாக வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறையில் ஆட்களை அனுப்புவது 1917இல் நிறுத்தப்பட்டது.

ஹூக்ளியின் அழகிய படங்களிலே இந்த மக்களுக்கு இடமில்லை. ஆனால் கப்பலேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உயரம், உடலிலுள்ள அடையாளம் என்பன அதில் குறிக்கப்பட்டன. ஆட்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காகவே அதிகாரிகள் அதைச் செய்தார்கள். மக்கள் மேலுள்ள அன்பினால் செய்யவில்லை. ஆயினும் நூறு ஆண்டுகளின் பின், சூரினாமிலிருந்தும் பிஜியிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகள் அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டனின் கிராமத்தைத் தேடிக் கண்டுபிடிக்கின்றார்கள். மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவகம் இத்தகைய பதிவேடுகளையும் வந்திறங்கியவர்களின் படங்களையும் பாதுகாத்து வருகின்றது. 2011இல் கொல்கத்தாவில் ஆற்றங்கரையிலே இவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது.

ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி, பெயரில்லாத நூறு அழகிய படங்களிலும் பார்க்கப் பயன்பட்டது.

துறைமுகத்துக்கு நீர், கமக்காரனுக்கு என்ன?

வண்டல் கல்கத்தாத் துறைமுகத்தை விடவில்லை. அதைக் கழுவித் தள்ளுவதற்காகக் கங்கையை மறித்துப் பராக்கா அணை கட்டப்பட்டு 1975இல் இயங்கத் தொடங்கியது. 38 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வழியாகச் செக்கனுக்கு 40,000 கன அடி நீரைப் பாகீரதிக்குத் திருப்புவது திட்டம். அப்படியும் பெரிய கப்பல்களுக்குக் கீழே ஹால்டியாவில் 1977இல் வேறு துறைமுகம் திறக்க வேண்டியிருந்தது. நீர் குறைந்ததாகப் பங்களாதேசம் முறையிட்டது. 1996இல் இரு நாடுகளும் 30 ஆண்டுக்கு உடன்படிக்கை செய்தன.

அணைக்கு மேலே மால்டா மாவட்டத்திலும் கீழே முர்சிதாபாத் மாவட்டத்திலும் ஆறு கரையைத் தின்றது. ஒரே குடும்பம் நாலைந்து தடவை வீட்டைப் பிடுங்கி நட்ட கதைகள் அங்கே உண்டு. மால்டாவில் ஆறு தின்ற காணி சில இடங்களில் எதிர்க்கரையில் மணல்திட்டாக எழுந்தது. எழுந்தபோது அது அடுத்த மாநிலத்தின் பக்கம் போயிருந்தது. அந்தத் திட்டு தமது பழைய வயல் என்று காட்ட வேண்டியவர்கள் அந்தக் கமக்காரர்களே. அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை பழைய நில அளவை வரைபடங்களும் வரிப் பற்றுச்சீட்டுக்களும்தான். துறைமுகத்தின் அழகிய படங்களால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

இனி எம்மிடம் வருவோம். பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதை எடுத்தவர் யார்? பணம் கொடுத்தவர் யார்? எந்த இடத்தில் நின்று எடுத்தார்? இதில் இருக்க வேண்டியவர்களில் யார் இல்லை? பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகளைப் பழக்கலாம்.

அடுத்து, எமது ஊரின் படத்தை நாமே ஆக்கலாம். இதற்கு ஓவியர் வேண்டாம். ஊரவர் பத்துப்பேர் ஒன்றுகூடி, முற்றத்து மண்ணிலே தடியால் கீறித் தொடங்கலாம். முதலில் குளம், வாய்க்கால், வீதி. பின்னர் கோவில், பாடசாலை, பொதுக்கிணறு. பின்னர் ஒவ்வொரு வீடும் அதில் இருந்தவர் பெயரும். வயல்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் ஊரில் வழங்கிய பெயர்களை விடக்கூடாது. அவை எந்த அலுவலகத்திலும் முழுமையாக இராது. பெண்களைத் தனியாகவும் கேட்க வேண்டும். தண்ணீர் அள்ளிய கிணறும் விறகெடுத்த வழியும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். எல்லோரும் சரியென்ற பின் அதைப் பெரிய கடதாசியில் கீறி, திகதியிட்டு, கூடியிருந்தவர்கள் கையொப்பமிட வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் ஒரு அங்குல வரைபடத்தில் குளங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கலியாண வீடு, முதல் நன்மை, தேர்த்திருவிழா என்று எடுத்த படங்கள் உறவினரிடம் இருக்கலாம், வெளிநாட்டிலும் இருக்கலாம். அவற்றின் பின்னணியில் வீட்டுச்சுவரும் வேலியும் மரமும் தெரியும். பிரதி கேட்டு வாங்கி, பின்புறத்தில் பென்சிலால் ஆட்களின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அளவைப்படம், வரிச்சீட்டு என்பவற்றுக்கு இரண்டு பிரதிகளாவது எடுத்து வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பெயர், ஊர், முடிந்தால் நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் தெரிந்திருந்தால் தேடுவது இலகு.

வேதாகமத்தில் இறைவாக்கினர் எரேமியா இதையே செய்தார். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருந்த நேரம். அவரோ காவலில் இருந்தார். அந்த நேரத்தில் அனத்தோத்து ஊரிலிருந்த ஒரு வயலைப் பதினேழு வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்து, முத்திரையிட்டதும் திறந்ததுமாக இரண்டு உறுதிகளை நெடுநாள் இருக்கும்படி மண்சாடியில் வைக்கச் சொன்னார். ஊர் கைவிட்டுப்போகும் வேளையில் அவர் எழுத்தைக் கைவிடவில்லை. மக்கள் திரும்பி வந்து வீடும் வயலும் தோட்டமும் வாங்கும் நாள் உண்டு என்று இறைவன் சொன்னதை அவர் நம்பினார்.

கோவிந்தபூரின் வீடுகளை வரைந்து வைக்க அன்று எவரும் முன்வரவில்லை. எமது ஊர்களை அறிந்த பெரியவர்கள் இன்னும் எம்மோடு இருக்கின்றார்கள். அவர்களுக்கு வயது ஏறுகின்றது. வரும் மழைக்கு முன், ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஒரு பின்னேரத்தை இதற்கென்று ஒதுக்குவோம். தடியும் கடதாசியும் பென்சிலும் போதும்.